பாறையை அருகே கொண்டுவர இரண்டு கேமராக்கள்

எண்பதுகளின் கடைசியில் தருமபுரி கலெக்டர் ஆபீசில் நான் பிரிவுக் கண்காணிப்பாளராக இருந்தபோது, அலுவலகத்துக்கு ஒரு சூம் கேமரா வாங்கும் கோப்பு என் மேசைக்கு வந்தது. காரணம் ஒரு பாறை.

தீர்த்தமலைக்குப் போகும் வழியில் ஒரு சிறு குன்று, அதன் மேல் ஒரு சிவன் கோயில். படிக்கட்டு தொடங்கும் இடத்தில் ஒரு அம்மாள் தேங்காய், கற்பூரக் கடை வைத்திருந்தார். கடைக்கு நேர் மேலே, உச்சியில், லாரி அளவுக்கு ஒரு பாறை. ஜீப்பில் போன மேலதிகாரி ஒருவர் அண்ணாந்து பார்த்து, பாறையில் கறுப்பாக ஒரு விரிசல் ஓடுவதாகக் குறிப்பு எழுதிவிட்டார். சிவராத்திரிக்குள் கடையைக் காலி செய்யும்படி அம்மாளுக்கு அறிவிப்பு போனது. ஆட்சேபணை இருந்தால் ஆதாரத்துடன் தெரிவிக்கலாம் என்று கடைசியில் வழக்கமான ஒரு வரி. அந்த வரியை யாரும் படிப்பதில்லை. அம்மாள் படித்துவிட்டார்.

“சார், அது வெடிப்பு இல்லீங்க. தேன் எடுக்க வந்தவங்க வுட்டுட்டுப் போன கயிறுங்க. பொகை பட்டுக் கறுத்துப் போச்சு. அடியில இடுக்குல மாட்டிக்கிச்சு, அதான் ஆடறதில்ல.”

“எழுத்து மூலமா ஆதாரம் இருக்காம்மா?”

“கயிறு என்னாங்க சார், பத்திரம் எழுதியா குடுக்கும்?”

ஏறிப் போய்ப் பார்த்தால் தீர்ந்தது என்று நினைப்பவர்களுக்கு, அந்தப் பாறையில் அடை கட்டியிருந்த மலைத்தேனீயைத் தெரியாது. பைனாகுலரில் பார்க்கலாம் என்றார் ஒருவர். பார்க்கலாம்தான். ஆனால் பார்த்ததைக் கோப்பில் இணைக்க முடியாது. எனவே டவுனில் ஸ்டுடியோ வைத்திருந்த பாயை அழைத்துப் படம் எடுத்து மேலதிகாரிக்கு அனுப்பினோம். குன்று முழுவதும் அழகாக விழுந்திருந்தது. பாறை நெல்லிக்காய் அளவு. விரிசலைக் குறித்து அனுப்புக என்று படம் திரும்பி வந்தது. சிவப்பு மையில் அம்பு போட்டு அனுப்பினேன். அம்பு பாறையை மறைக்கிறது என்று மறுபடி திரும்பி வந்தது. இப்படித்தான் சூம் கேமரா அத்தியாவசியம் ஆனது.

“உங்ககிட்ட சூம் லென்ஸ் இல்லையா பாய்?”

“கல்யாணத்துக்கு எதுக்கு சார் சூம்? மாப்பிள்ளை என்ன, எட்ட ஓடிடவா போறாரு?”

ஆனாலும் பெங்களூரில் தெரிந்த கடையிலிருந்து பார்த்துவிட்டுத் திருப்பித் தருவதாகச் சொல்லி இரண்டு கேமராக்களை வாங்கி வந்தார். ஒன்றில் உடம்பும் லென்ஸும் ஒட்டிப் பிறந்தவை. கழற்ற முடியாது, பட்டனை அமுக்கினால் மூக்கு தானாக நீளும், ஃபோகஸையும் அதுவே பார்த்துக்கொள்ளும். இன்னொன்று எஸ்.எல்.ஆர். உடம்பு தனி, முழங்கை நீளத்துக்கு சூம் லென்ஸ் தனி. எல்லாம் கையால் திருக வேண்டும்.

“இதான் சார் வேணும்,” என்று பாய் நீள லென்ஸைத் தட்டினார். “அது சோக்கா இருக்கும். ஆனா தூரம் எட்டாது.”

நான் ஒப்பீட்டுப் பட்டியல் தயாரித்தேன். ஒட்டிய கேமரா இருப்புப் பதிவேட்டில் ஒரே உருப்படி. லென்ஸ் கழலாது; ஆகவே தொலையாது. எஸ்.எல்.ஆர். என்றால் இரண்டு உருப்படி, இரண்டு பதிவு. உடம்பு ஒரு பிரிவிலும் லென்ஸ் இன்னொரு பிரிவிலும் போய்ச் சேர்ந்தால், இரண்டு பொறுப்பாளர்களும் ஒரே நாளில் வேலைக்கு வந்தால்தான் படம் எடுக்க முடியும். கோடு கிழித்து எட்டுக் கலங்கள் போட்டு ஒட்டிய கேமராவுக்கே பரிந்துரை எழுதினேன். படம் எப்படி விழும் என்பதற்கும் ஒரு கலம் இருந்தது. கடைசியில், ‘பிற விவரங்கள்’ என்று.

சிவராத்திரிக்கு இரண்டு வாரம் இருக்கும்போது இரண்டையும் எடுத்துக்கொண்டு குன்றுக்குப் போனோம். கடை அம்மாள் சாமான்களை மூட்டை கட்டி வைத்திருந்தார். எங்களுடனேயே எதிர்மேட்டுக்கு ஏறி வந்தார்.

என் கேமராவை நானே இயக்கினேன். மூக்கு நீண்டது, கொஞ்ச தூரம் போனதும் நின்றுவிட்டது. நெல்லிக்காய் எலுமிச்சை ஆகியிருந்தது. அதிலும் முன்னால் நீட்டிக்கொண்டிருந்த புளியங்கிளையைத்தான் அது ஆசையோடு பிடித்தது. கிளையின் ஒவ்வொரு இலையும் தெளிவு. பாறை வெறும் புகைமூட்டம்.

“சார் போட்டோ புடிக்கறது புளியமரத்துக்குத் தானுங்களா? அதுக்கும் நோட்டீசு போயிருக்குதா?” என்றார் அம்மாள்.

பாய் சிரிப்பை அடக்கிக்கொண்டு ஸ்டாண்டை ஊன்றி, நீள லென்ஸை மாட்டி, மூச்சைப் பிடித்துத் திருகினார். பிறகு விலகி நின்று, “மொதல்ல நீங்க பாருங்கம்மா,” என்றார்.

அம்மாள் ஒரு கண்ணைக் கையால் பொத்திக்கொண்டு குனிந்தார். பொத்திய கையை மாற்றி மறு கண்ணாலும் பார்த்தார். உண்மையிலேயே விரிசலாக இருந்தால் அந்த மூட்டைகள் அன்றைக்கே பஸ் ஏற வேண்டியதுதான்.

“ஏனுங்க சார், வெடிப்புல யாராச்சும் முடிச்சுப் போடுவாங்களா?”

நான் பார்த்தேன். கறுப்புக் கோட்டில் முழத்துக்கு ஒரு முடிச்சு. கால் வைத்து இறங்குவதற்காகப் போட்டவை. கோடு முடியும் இடத்தில், இடுக்குக்கு வெளியே, பிரிந்த நார் காற்றில் அசைந்தது.

பாய் அந்த ரோலை முழுக்க அங்கேயே தீர்த்தார். பெரிய பிரிண்ட் இரண்டு போட்டுக் கோப்பில் இணைத்து, ‘இயற்கையாக ஏற்படும் விரிசல்களில் முடிச்சுகள் காணப்படுவதில்லை’ என்று நான் குறிப்பு எழுதினேன். என் பணிக்காலத்தில் யாரும் திருத்தாமல் ஒப்பமிட்ட வாக்கியம் அது ஒன்றுதான். அறிவிப்பு ரத்தானது. கேமரா கோப்பையும் ‘தேவை நீங்கியதால் முடிக்கப்பட்டது’ என்று மூடினார்கள். எட்டுக் கலங்களும் அதோடு போயின. இரண்டு கேமராக்களும் பெங்களூருக்கே திரும்பின.

சிவராத்திரியன்று குடும்பத்தோடு போயிருந்தேன். அம்மாள் பாயிடம் கேட்டு வாங்கிய பாறைப் படத்தைச் சட்டம் போட்டுக் கடை முகப்பில் மாட்டியிருந்தார். மேலே பார்த்துப் பயப்படுகிறவர்களுக்குக் காட்டுவதற்காம். ஆனால் வந்தவர்களில் பாதிப்பேர் அதை ஏதோ சாமி படம் என்று நினைத்துக் கற்பூரம் வாங்கி அதற்கே காட்டிவிட்டு மலையேறினார்கள்.

“சொல்லக் கூடாதாம்மா?” என்றேன்.

“எதுக்குங்க சார்? கும்புட்டா நல்லதுதானுங்களே,” என்று எனக்கும் ஒரு கற்பூரக் கட்டி எடுத்து நீட்டினார்.