பதினோராவது சாவி

தெருமுனைப் பூட்டுக்காரர் கடையில் ஒரு பலகை தொங்குகிறது. ‘எந்தப் பூட்டும் திறக்கப்படும்’ என்று பெரிய எழுத்தில். கீழே பொடி எழுத்தில், ‘வீட்டுக்காரர் கூட நின்றால்’. முப்பது வருடத்தில் அந்தப் பலகைக்கு ஒரே ஒரு தடவைதான் மானம் போனது. அதுவும் அவர் சொந்த வீட்டில். மக்கர் செய்தது இரும்புப் பூட்டு அல்ல, பழைய கேம்கார்டரில் எடுத்த வீடியோ ஃபைல்.

போன வருடம் அவர் மனைவிக்குத் தொண்டையில் ஆபரேஷன். உயிர் தங்கியது, குரல் போய்விட்டது. அந்த அம்மாள் அசரவில்லை. சின்ன வெள்ளைப் பலகை ஒன்றை வாங்கி, முன்பு வாயால் செய்ததையெல்லாம் கையால் செய்ய ஆரம்பித்தார். திட்டும்போது அடிக்கோடு போடும் வசதி கூடுதலாகக் கிடைத்தது. ஒரு நாள் மத்தியானம் எழுதிக் காட்டினார்: ‘என் குரல் எப்படி இருக்கும்? எனக்கே மறந்துபோச்சு.’

“அது வந்து… கொஞ்சம் கட்டையா…” என்று இழுத்தார் பூட்டுக்காரர்.

‘யாரைப் பாத்து கட்டைங்கறீங்க?’ இரண்டு அடிக்கோடு.

சொல்லிப் புரியவைக்க முடியாது, கேட்க வைத்தால்தான் உண்டு. அவர் போனில் இருந்ததெல்லாம் பூட்டுகளின் படம். மனைவியோ யாராவது படமெடுக்கப் போனைத் தூக்கினாலே அடுத்த அறைக்குப் போய்விடுகிறவர். மிச்சம், பதினாறு வருடத்துக்கு முன் வாங்கிய கேம்கார்டர். அது எப்போதோ செத்துவிட்டது. கம்ப்யூட்டருக்கு மாற்றிவைத்த நாற்பத்தொரு ஃபைல்கள் மட்டும் இருந்தன. ஒவ்வொன்றின் வாலிலும் எம்.ஓ.டி. என்று மூன்றெழுத்து. தட்டினால், ‘எதை வைத்துத் திறப்பது?’ என்று கம்ப்யூட்டர் கேட்டது.

“பாரு, நம்மகிட்டயே சாவி கேக்குது” என்றார் மைத்துனரிடம். மைத்துனர் ஆபீஸில் கம்ப்யூட்டர் முன்னால் உட்காருகிறவர். அந்த ஒரு தகுதியில் குடும்பத்துக்கே கம்ப்யூட்டர் நிபுணர்.

“ஃபார்மட்டை மாத்தணும் மாமா. எம்.பி.4 ஆக்கிட்டா எதுலயும் ஓடும். அதுக்கு சாஃப்ட்வேர் ஆயிரம் இருக்கு.”

ஆயிரம் இருந்ததுதான் சிக்கல். கடையில் ஒத்துவராத சாவிக்கு அட்டை கட்டி, காரணம் எழுதி ஆணியில் மாட்டுவது பூட்டுக்காரர் வழக்கம். இங்கேயும் அட்டைகள் சேர்ந்தன. ‘ஒன்று: படத்தின் நடுவில் தன் பேரை எழுதிக்கொள்கிறது. இரண்டு: மூணு நிமிஷப் படத்தோடு கதவைச் சாத்தி, மீதிக்குக் காசு கேட்கிறது. மூன்று: கூடவே நாலு சொந்தக்காரர்களைக் கூட்டிவந்து கம்ப்யூட்டரில் குடிவைக்கிறது. போ என்றால் போகமாட்டேன் என்கிறது.’ நாலாவது, எதையும் திறப்பேன் என்று மார்தட்டியது. அதை அவர் தொடவே இல்லை.

“எதையும் திறப்பேங்கறவன் திருடன், மாப்ள.”

“உங்க போர்டுலயும் அதானே மாமா போட்டிருக்கு?”

“கீழ பொடி எழுத்தைப் படி.”

பத்தாவது யோக்கியமானது. முழுப் படத்தையும் மாற்றித் தந்தது. மூவரும் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்கள். திரையில் இரண்டு ஷூக்கள் நடந்தன. ஒன்று கறுப்பு, ஒன்று பழுப்பு. பிறகு தரை. பிறகு ஒரு பையின் உள்பக்கம். சத்தம் மட்டும் துளியும் இல்லை. அடுத்த ஃபைலும் அப்படியே.

மைத்துனர் சிரித்து முடிக்கக் கொஞ்ச நேரம் ஆனது. “மாமா, நீங்க பட்டனைத் தலைகீழா அமுக்கியிருக்கீங்க. எடுக்கறோம்னு நினைச்சப்ப நிறுத்தியிருக்கீங்க, நிறுத்திட்டோம்னு நினைச்சப்ப எடுத்திருக்கீங்க. நாப்பத்தொண்ணுலயும் உங்க ஷூதான் ஹீரோ. விடுங்க, அக்கா இதுல இல்லவே இல்ல.”

அம்மாள் பலகையில் எதையோ எழுத ஆரம்பித்து, பாதியில் அழித்துவிட்டு எழுந்தார்.

“உக்காரு” என்றார் பூட்டுக்காரர். கண் ஷூவிலேயே இருந்தது. “மாப்ள, கேமராவைத் தூக்கினா உங்க அக்கா என்ன செய்வா?”

“பாஸ்போர்ட் போட்டோவுக்கு நிக்கற மாதிரி வாயை மூடிட்டு நிப்பாங்க.”

“கீழ இறக்கினா?”

“பேச ஆரம்பிப்பாங்க…” என்ற மைத்துனர் திரும்பி ஷூவைப் பார்த்தார்.

“அப்ப இவ இதுலதான் இருக்கா. இத்தனை நாளா பூட்டைப் பாக்காம சாவி தேடியிருக்கோம்.” பரண்மேலிருந்து கேம்கார்டரின் பெட்டி இறங்கியது. உள்ளே கையேடு. கடைசிப் பக்கத்தில், பொடி எழுத்தில், அந்த கேமரா சத்தத்தை எந்த முறையில் பதிவு செய்கிறது என்று ஒரு வரி. அந்த முறையின் பேரையே போட்டுத் தேடியபோது பதினோராவது கிடைத்தது. ஹார்டுவேர் கடைப் பட்டியல்போல அழகே இல்லாத பக்கம். தன்னால் என்னென்ன முடியாது என்பதை முதலிலேயே எழுதியிருந்தது. பூட்டுக்காரருக்கு அங்கேயே நம்பிக்கை வந்துவிட்டது.

பச்சைப் பட்டை மெல்ல நகர்ந்து நிரம்பியது. கறுப்பும் பழுப்பும் மறுபடி நடந்தன. இந்தத் தடவை டக் டக் என்ற ஓசையோடு. அப்புறம், கட்டையாக, கணீரென்று:

“அந்த டப்பாவை முதல்ல பையில வைங்க! தெருவே சிரிக்குது. ஒரு காலுக்குக் கறுப்பு, இன்னொண்ணுக்குப் பழுப்பு! ஊரான் வீட்டுப் பூட்டெல்லாம் பாக்கத் தெரியுது, சொந்தக் கால் தெரியல…”

குரல் நாலு நிமிஷம் மூச்சுவிடாமல் திட்டிவிட்டு, பையின் இருட்டுக்குள் போய் நின்றது.

அம்மாள் பலகையை எடுத்தார். ‘இவ்வளவு சத்தமாவா பேசுவேன்?’

“இது மெதுவாப் பேசினது” என்றார் பூட்டுக்காரர்.

அம்மாள் முறைத்தார். பிறகு கை நீட்டி, ஒலியை இன்னும் இரண்டு கோடு ஏற்றிவிட்டு எழுதினார்: ‘அடுத்ததை மாத்துங்க. இன்னும் நாப்பது இருக்கு.’