பெக்கோக்கில் நடு வீட்டைத் தேடியவள்

பெக்கோக்கில் பிரேமலாவைத் தெரியாத வீடு கிடையாது. செம்பனைத் தோட்டத்தை விட்டுத் தாமான் குடியிருப்புக்கு வந்த குடும்பங்களில் பாதிப் பிள்ளைகளுக்குக் கல்யாணம் பேசி முடித்தவள் அவள்தான். கைப்பை நிறைய ஜாதகம், வாய் நிறையச் சிரிப்பு. அப்படிப்பட்டவள், சிகாமட் அலுவலகத்தில் குடும்ப வருமானக் கணக்கெடுப்புக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கேட்டதும் விண்ணப்பம் போட்டாள். வேலையும் கிடைத்தது. தன் பெயர் அச்சடித்த அட்டையை வாழ்க்கையில் முதன்முறையாகக் கழுத்தில் மாட்டியவள், கண்ணாடி முன்னால் நின்று அதை நேராக்கி நேராக்கிப் பார்த்துக்கொண்டாள்.

வேலை இதுதான்: மாவட்டத்து வீடுகளை வருமானப்படி வரிசையாக நிறுத்தினால் நட்டநடுவில் நிற்கும் வீட்டுக்கு மாதம் எவ்வளவு வருகிறது என்று மதிப்பிட வேண்டும். எல்லா வீட்டையும் கேட்க முடியாது, பொறுக்கியெடுத்த வீடுகளைத்தான் கேட்கலாம். பெரிய பணக்காரன் ஒருவன் இன்னும் கூட்டிச் சொன்னாலும் நடு வீடு அசையாது. சாதாரணக் குடும்பங்களே ஏற்றியும் இறக்கியும் சொன்னால்தான் ஆபத்து.

பிரேமலா நல்ல சேலையாகக் கட்டிக்கொண்டு கிளம்பினாள். போன இடமெல்லாம் கேசரியும் தேநீரும். “பையனுக்கு என்ன சம்பளம்?” என்று கேட்டால் அம்மாக்கள் முகம் மலர்ந்து பெரிய தொகையாகச் சொன்னார்கள். பெண்ணைப் பற்றிக் கேட்டால், “வீட்லதான் இருக்கா” என்றார்கள். ஊருக்கே பொருத்தம் பார்த்தவளுக்கு இது உறைக்கவில்லை பாருங்கள்! எல்லாவற்றையும் சந்தோஷமாகப் பதிந்து அனுப்பிவிட்டாள்.

மேற்பார்வையாளர் கமலநாதன் கூப்பிட்டார். “அக்கா, பெக்கோக் பையனுங்க எல்லாருமே சிங்கப்பூர்ல மேனேஜரா? பொண்ணுங்க ஒருத்தர்கூட வேலைக்குப் போகலயா? இத எப்படி நம்புறது? வெள்ளிக்கிழமைக்குள்ள மறுபடி கேட்டு அனுப்புங்க. இல்லன்னா உங்க பகுதிய விட்டுட்டு டவுன் வீடுகள வச்சுத்தான் மதிப்பிடணும்.”

பிரேமலாவுக்குப் பொறுக்கவில்லை. டவுன் வீடும் பெக்கோக் வீடும் ஒன்றா? மாவட்டக் கணக்கில் தன் ஊர் இருந்த இடம் தெரியாமல் போவதா, அதுவும் தன் கையால்?

நேராக வெள்ளையம்மா வீட்டுக்குப் போனாள். சிங்கப்பூரில் வேலை பார்க்கும் மகன் வசந்தனுக்கு எல்லாரையும்விடப் பெரிய சம்பளம் சொன்னவள் அந்த அம்மாதான். இரண்டாம் முறையும் அதே கேள்வி வந்ததும் வெள்ளையம்மாவுக்குப் பொறுமை போனது.

“எத்தன தடவலா சம்பளத்தையே கேப்ப? பொண்ணு போட்டோவ எப்பக் காட்டப் போற?”

“அலமாக்!” என்று தலையில் கை வைத்தாள் பிரேமலா. “இது கவர்மெண்ட் கணக்கு அக்கா. கல்யாணப் பேச்சு இல்ல.”

“சரி சரி, அப்படித்தான் சொல்லுவ” என்று கண்ணடித்தாள் வெள்ளையம்மா.

அட்டை கழுத்தில் தொங்கினால் என்ன, ஊர் பார்த்தது கைப்பையைத்தான். பிரேமலா வீட்டுக்கு வந்து அந்தப் பையை மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். கல்யாண வீடுகளில் அவளுக்குக் கிடைக்கும் முன்வரிசை நாற்காலி அந்தப் பையால் வந்தது. அதை விட மனசு வரவில்லை. இருந்தாலும் மறுநாள் காலையில் வீடு வீடாகப் போய் ஜாதகங்களைத் திருப்பிக் கொடுக்க ஆரம்பித்தாள்.

வெள்ளையம்மாவுக்கு முகம் வெளுத்துவிட்டது. “ஜாதகத்தத் திருப்பிக் குடுக்கிறியா? என் மகனுக்கு என்ன குறை?”

“ஒரு குறையும் இல்லக்கா. இந்தக் கணக்கு முடியிற வரைக்கும் நான் கல்யாணம் பேசப் போறதில்ல. நீங்க சொல்றது எந்தச் சம்பந்தி காதுக்கும் போகாது. இப்ப உள்ளத சொல்லுங்க.”

வெள்ளையம்மா வாயைத் திறப்பதற்குள் மகள் மலர் சமையலறையிலிருந்து வெளியே வந்தாள். லாபிஸ் தொழிற்சாலைச் சீருடையை இன்னும் மாற்றவில்லை. “அண்ணனுக்கு ஓவர்டைம் இல்லன்னா கையில ஒண்ணும் நிக்காது அக்கா. வீட்டுத் தவணை என் சம்பளத்துலதான் போகுது. எழுதிக்குங்க.”

“மெதுவாப் பேசுடி! அண்ணன விட நீ அதிகமா சம்பாதிக்கிறது வெளியில தெரிஞ்சா எவன் கட்டுவான்?” என்றாள் தாய். ஆனாலும் மறுக்கவில்லை.

செய்தி வீட்டுக்கு வீடு பரவியது. ஜாதகம் திரும்பி வந்த வீடுகளிலெல்லாம் மேனேஜர்கள் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுநர்களாக இறங்கினார்கள். வீட்டில் சும்மா இருந்த பெண்கள் நர்ஸாகவும் அலுவலகக் கிராணியாகவும் எழுந்தார்கள். வெள்ளிக்கிழமை கமலநாதன் எல்லாவற்றையும் படித்துப் பார்த்துவிட்டு, “உங்க பகுதி கணக்குக்குள்ள இருக்குக்கா” என்றார். பிரேமலா அலுவலகத்துக்கு வெளியே வந்து கண்ணைத் துடைத்துக்கொண்டாள். ஜெயித்துவிட்டாள்!

மாவட்டத்தின் நடு வருமானம் நாளிதழில் வந்த அன்று பத்திரிகையை வாங்கி அந்த ஒரு எண்ணைத் திரும்பத் திரும்பப் பார்த்தாள். அதற்குள் தன் ஊரும் இருந்தது. மாலையில் வெள்ளையம்மா வந்து மலரின் ஜாதகத்தை மேசைமேல் வைத்தாள்.

“கணக்கெல்லாம் முடிஞ்சதுல்ல? இனி நல்ல இடமாப் பாரு. மாப்பிள்ளை வீட்ல முதல்ல இவ சம்பளத்தச் சொல்லு.”

“கணக்குக்குச் சொன்னத நான் வெளியில சொல்ல மாட்டேன்கா.”

“இப்ப நானே சொல்றேன்லா, அதச் சொல்லு. முழுசா சொல்லு. பயந்து ஓடுறவன் ஓடட்டும்!”