ஜெயபுஷ்பம் வளர்த்த மணல் ஈக்கள்

ஊரே கொசுவை அடிக்கக் கை ஓங்கிக்கொண்டிருக்க, அதைவிடப் பொல்லாத பூச்சியைச் சம்பளம் வாங்கிக்கொண்டு வளர்த்தவள் ஜெயபுஷ்பம். வேலூரில் ஓர் ஆராய்ச்சிக்கூடத்தின் பின்பக்க அறை. அங்கே துணிக் கூண்டுகளில், கொசுவில் கால்வாசிகூடத் தேறாத, காலா அசார் காய்ச்சலைப் பரப்பும் மணல் ஈக்களை வைத்திருந்தார் டாக்டர் சத்தியநாதன். மாட்டுக் கொட்டகைச் சுவர்களில் பிடித்து வந்தவை, இரண்டு முறை அடியோடு செத்து, மூன்றாம் முறைதான் தழைத்தன.

அதற்கு முன் ஆஸ்பத்திரி வார்டில் பெட்பேன் தூக்கிக்கொண்டிருந்த விதவை அவள். ஈக்களுக்கு ரத்தம் கொடுக்கக் கை நீட்டத் துணிந்த ஒரே ஆள் என்பதால் இங்கே வந்தாள். மாலையானால் கூண்டுக்குள் முழங்கை வரை விட்டு, அவை குடித்து முடிக்கும்வரை அசையாமல் உட்கார்ந்திருப்பாள். நோயில்லாத ஈக்கள், தடிப்பும் அரிப்பும்தான் மிச்சம். முயல் புழுக்கையை மக்கவைத்துப் பொடித்துப் புழுக்களுக்குத் தூவுவதும் அவள்தான்.

"கட்னவனுக்குக்கூட இவ்ளோ செஞ்சிருக்க மாட்டே" என்று ஓரகத்தி கிரேஸி சீண்டுவாள். இவளுக்கோ உள்ளூரப் பெருமை தாங்காது.

எழுபத்தொன்பதாம் வருஷக் கோடையில் டாக்டர் டெல்லிக்குக் கிளம்பினார். "ஈரம் மட்டும் கொறையக்கூடாது புஷ்பம். இந்தத் தடவையும் செத்தா ரூமை மூடிடுவாங்க. நீ திரும்ப வார்டுக்குத்தான் போகணும்."

அவர் போன மறுநாளே கரண்ட் போனது. ஈரக்காற்று மெஷின் நின்றது. வேலூர் வெயிலைப் பற்றிச் சொல்லவா வேண்டும்? கூண்டுகளைச் சுற்ற ஈரச்சாக்கு வேண்டும் என்று அலைந்தாள். மேல்விஷாரம் தோல் மண்டியில் வேலை பார்க்கும் பக்கத்து வீட்டு மக்பூல் அகமது, கேட்டவுடன் சாக்குகள் கொண்டுவந்து கொடுத்தார். தோல் நாற்றம் போக நன்றாக அலசி, கூண்டுகளைச் சுற்றினாள்.

காலையில் ஈக்கள் கூண்டின் அடியில் உதிர்ந்து கிடந்தன. ஈரம் போதவில்லை போலிருக்கிறது என்று மேலும் தண்ணீர் தெளித்தாள். தெளிக்கத் தெளிக்கச் செத்தன. யாரைக் கேட்பது? கையைப் பிசைந்தாள், ஜெபித்தாள், மறுபடி தெளித்தாள். கடைசியில் இன்னும் சாக்கு கேட்டு மக்பூலிடம் போனாள்.

"எடுத்துக்கங்க அக்கா, நல்ல சாக்கு. தோலுக்கு வண்டு வராம மருந்துப் பொடி போட்டு வெச்சிருந்தது. எத்தனை வாட்டி அலசினாலும் ஒரு பூச்சி அண்டாது."

பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காய் முடிந்தது. ஓடிப்போய்ச் சாக்குகளைப் பிய்த்தெறிந்தாள். கடைசிக் கூண்டில் மட்டும் சில ஈக்கள் நின்றிருந்தன. கையை உள்ளே விட்டாள். ஒன்று வந்து மணிக்கட்டில் உட்கார்ந்தது. "குடி, குடி" என்று கெஞ்சினாள். அது குடிக்காமலே சரிந்து விழுந்தது.

திரும்பி வந்த டாக்டரிடம் ஒன்றும் மறைக்காமல் சொன்னாள். அவர் திட்டவில்லை, திட்டியிருந்தால் தேவலை. "நீ இன்னா பண்ணுவே?" என்று காலிக் கூண்டுகளையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த மாதமே அறையைப் பூட்டினார்கள். அவள் வார்டுக்குத் திரும்பினாள்.

அங்கே கொசு உட்கார்ந்தால் மற்ற ஆயாக்கள் பட்டென்று அடிப்பார்கள். ஜெயபுஷ்பம் மட்டும், அது குடித்து முடிக்கும்வரை கையை அசைக்காமல் வைத்திருப்பாள்.