நடுவில் அக்கா பாடியது

நேற்று சாயங்காலம் மதுரை கோச்சடை வீட்டில் தனியாக உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தேன். போனில் பாட்டு ஒவ்வொன்றாக ஓடி, தானாகவே அந்தப் பழைய இங்கிலீஷ் ராக் ஆல்பத்துக்கு வந்தது. முதல் ஆர்கன் சத்தத்திலேயே எங்கள் டேப் ரெக்கார்டரின் சூடான பிளாஸ்டிக் வாசனை மூக்கில் ஏறிவிட்டது.

அக்கா காலேஜில் படித்தபோது, தோழியின் இசைத்தட்டை ஒருநாள் இரவல் வாங்கி, சிம்மக்கல்லில் ஒரு ரெக்கார்டிங் கடையில் கேசட்டில் பதியக் கொடுத்தாள். சினிமாப் பாட்டே பதிந்து பழகிய கடைக்கார அண்ணன் பெருமையாகச் சொன்னார்:

"நடுவுல அம்புட்டு நேரம் யாருமே பாடலம்மா, வெறும் மியூசிக்தான். அத வெட்டிட்டு, மிச்ச டேப்புல ரெண்டு நல்ல பாட்டாப் போட்டுருக்கேன்."

வீடு வரும்வரை அக்கா கேசட்டைக் கையில் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே வந்தாள்.

பிறகு, வெட்டின இடம் வரும்போதெல்லாம் டேப்பை நிறுத்துவாள். கண்ணை மூடிக்கொண்டு, விட்டுப்போனதை எனக்காக வாயாலேயே வாசிப்பாள். தொடையில் டிரம்ஸ், மூக்கால் கிடார். "இப்பக் கேளுடி, மழை வருது" என்பாள். அப்பா ஜெபத்துக்குக் கூப்பிட்டாலும் முடிக்காமல் எழுந்திருக்க மாட்டாள்.

நேற்று அந்த இடம் வந்ததும் துணியைக் கீழே வைத்தேன். முழுசாகக் கேட்டேன். மழை வரவே இல்லை. அக்கா வாசித்ததில் ஒரு துண்டுகூட அதில் இல்லை. எல்லாம் அவளே கட்டியது.

அக்கா தவறி எத்தனையோ வருஷமாகிவிட்டது. இந்த ஆல்பம் இப்போது எல்லார் போனிலும் கிடைக்கிறது. அவள் வாசித்ததைக் கேட்டவள் நான் ஒருத்திதான். பாடிப் பார்க்கலாமென்று வாயைத் திறந்தேன். மழைக்கு முன்னால் என்ன வரும் என்பது மறந்துவிட்டது.