ரோபோவுக்குத் தடிமன் பிடித்த கதை

படத்தில் ரோபோவுக்குக் குரல் கொடுத்த நாட்களில் எனக்குக் கடும் தடிமன், மூக்கடைப்பு. அதை யாரும் கவனிக்கவில்லை. சிக்கல், அந்தப் படம் கார்ட்டூன் தொடராக வந்தபோதுதான் தொடங்கியது.

பொதி கொண்டுபோகும் ரோபோ ஒன்று விலாசம் பிழைத்து வேறு கிரகத்தில் இறங்கிவிடுகிறது. விஞ்ஞானமும் பகிடியும் கலந்த படம். தமிழ் டப்பிங்கைக் கல்முனையில் எங்கள் சின்ன ஸ்டூடியோவில்தான் செய்தோம். படம் நன்றாக ஓடியதால் வெளிநாட்டில் அதையே தொடராக்கினார்கள். தமிழில் ஒளிபரப்பும் சனல் போட்ட நிபந்தனை ஒன்றுதான்: ரோபோவின் குரல் படத்தில் வந்தது போலவே இருக்க வேண்டும். முதல் எபிசோட் பொருந்தாவிட்டால் கொழும்பில் வேறு ஆளைப் பார்ப்பார்கள்.

நானோ அதற்குள், இனி ஒவ்வொரு கிழமையும் டிவியில் என்னைக் கேட்கலாம் என்று மார்க்கட்டில் மீன் வெட்டுகிறவர் வரைக்கும் சொல்லி முடித்திருந்தேன்.

ஒத்திகையில் வாயைத் திறந்தேன். வந்தது ரோபோ இல்லை. பள்ளிவாசல் கூட்டத்தில் நன்றியுரை சொல்லும் ஆள். டப்பிங்கை நடத்தும் சுபாஷினி, என்னை அண்ணன் முறையில் காக்கா என்று கூப்பிடும் பாண்டிருப்பு ஊர்ப் பிள்ளை, ஹெட்போனைக் கழற்றினாள்.

"காக்கா, இது ஆர்ட குரல்?"

"என்டதான், தங்கச்சி."

"அதுதான் பிரச்சின. எனக்கு ரோபோ வேணும். சனிக்கிழமைக்குக் கொண்டு வாங்க."

படத்தில் நடித்தது நான் இல்லை, என் மூக்கு என்று அவளிடம் எப்படிச் சொல்வது?

அன்றே தடிமன் தேடப் புறப்பட்டேன். ஐஸ் போட்ட பலூடா குடித்தேன். விடிய எழும்பிக் கடலில் முங்கினேன். ஈரத் தலையோடு மோட்டார் சைக்கிளில் சவளக்கடை வரை போய் வந்தேன். தும்முகிற ஆட்களைக் கண்டால் நெருங்கி நின்று சுகம் விசாரித்தேன். சும்மா நாளில் ஃபேன் காற்றுக்கே மூக்கடைக்கும் எனக்கு ஒரு தும்மல் கூட வரவில்லை.

காரணம் வீட்டில் இருந்தது. நான் ஈரத் தலையோடு வருவதைப் பார்த்த மனைவி, தேநீருக்குப் பதில், தடிமன் வராமலிருக்க, இஞ்சி போட்டுக் கொத்தமல்லி அவித்துத் தந்துகொண்டிருந்தாள். இருந்த பதற்றத்தில், எதைக் குடிக்கிறேன் என்றே நான் பார்க்கவில்லை. கடைசியில் விஷயத்தை அவளிடம் சொன்னேன். அவள் கொடியில் உடுப்புக் காயப்போட்டுக்கொண்டிருந்தாள்.

"தடிமன் வேணுமாம். உங்களுக்கு மூள பிசகிட்டு" என்றவள், கொடியிலிருந்து ஒரு கிளிப்பைக் கழற்றி என் மூக்கில் மாட்டினாள். "இப்ப கதைங்க."

ரோபோ கதைத்தது. தடிமனின் கரகரப்பு இல்லை, கொஞ்சம் கீச்சென்றது. ஆனாலும் ரோபோதான்.

சனிக்கிழமை கிளிப்போடு மைக் முன் நின்றேன். கண்ணாடிக்கு அப்பால் சுபாஷினி குனிந்து குலுங்கியதைப் பார்க்காத மாதிரி வசனத்தைச் சொன்னேன். மதியத் தொழுகைக்கான லுஹர் பாங்குக்கு டேக்கை நிறுத்தியபோது, கிளிப்போடேயே பள்ளிவாசலுக்குப் புறப்பட்டுவிட்டேன். அவள்தான் கூப்பிட்டுச் சொன்னாள்.

சனலுக்குப் பிடித்துவிட்டது. படத்துக் குரலை விட இதுதான் கார்ட்டூனுக்கு நல்லதாம், இதையே தொடரட்டுமாம்.

இரண்டாவது எபிசோட் அன்று காலையில் எழும்பினால் தொண்டை கரகரத்தது, மூக்கு ஒழுகியது. தேடிய தடிமன், விலாசம் பிழைத்து, ஒரு கிழமை பிந்தி வந்து சேர்ந்திருந்தது.

"அசல் குரல் வந்திட்டு, தங்கச்சி" என்றேன் பெருமையாக.

சுபாஷினி ஒரு வசனத்தைச் சொல்லவைத்துக் கேட்டாள். "இது வேணாம், காக்கா. போன கிழமைக் குரலக் கொண்டு வாங்க."

இந்தக் கரகரப்போடு கிளிப் போட்டும் பயனில்லை. வீட்டுக்குத் திரும்பி, குசினி வாசலில் நின்று கொத்தமல்லி கேட்டேன். அடுப்பில் ஏற்கெனவே கொதித்துக்கொண்டிருந்தது.

இந்தத் தொழிலுக்கு வரும் தம்பி தங்கைமாருக்குச் சொல்கிறேன்: முதல் நாள் எந்தக் குரல் கொடுக்கிறீர்களோ, கடைசி எபிசோட் வரைக்கும் அதைத்தான் கேட்பார்கள். ஆகவே சுகமாக இருக்கும் நாளில் தொடங்குங்கள். முடியாவிட்டால், பிடி தளராத கிளிப்பாக ஒன்று வைத்திருங்கள்.