தொண்ணூற்றொரு படிகள்

ட்ரவல் ஏஜென்சி வேலைக்குப் புதுசா வாற பிள்ளையளுக்கு ஒண்டு சொல்லுறன். போகாத இடத்துக்குப் போனனான் எண்டு சொல்லாதேங்கோ. நான் சொன்னனான்.

1

கனடாவில, ஸ்காபரோவில ஒரு பிளாசாவில எங்கட ஒஃபிஸ். மாசி மாதம், வெளியில ஸ்னோ கொட்டுது. மோர்னிங்சைட்டில இருந்து அன்ரன் அங்கிள் வந்தார். எழுபத்தாறு வயது. மனுசி றீற்றா அன்ரி தவறி ஒரு வருசம். கோட்டைக் கழட்டாமலே கேட்டார்.

"பிள்ளை, மெக்சிக்கோவில மாயாக்காரற்ற பழைய கோயில், சிச்சென் இட்சா. இப்பவும் உச்சிவரைக்கும் ஏறலாமோ?"

எனக்குப் பின்னால சுவரில அந்தக் கோயிலின்ர போஸ்ரர். பதினெட்டு வருசமா அதுக்குக் கீழ இருந்துதான் ரிக்கெற் போட்டனான். எங்கட ஆக்கள் கடலுக்குத்தான் போறவை, கோயிலைப் பற்றி ஆரும் வந்து சொன்னதில்லை.

"ஓம் அங்கிள், தாராளமா ஏறலாம். தொண்ணூற்றொரு படி. நான் போனனான்" எண்டன்.

எல்லாம் பழைய சுற்றுலாப் புறோசரில வாசிச்சது. அங்க போக எனக்கு அவ்வளவு ஆசை. சொல்லிச் சொல்லி, போன மாதிரியே நினைக்கத் தொடங்கியிட்டன்.

இருபத்தைஞ்சு வருசத்துக்கு முதல் அங்கிளும் அன்ரியும் அங்க போனவையாம். அன்ரி விறுவிறெண்டு ஏறி, உச்சியில நிண்டு கையைத் தட்டி, "இஞ்சேருங்கோ, ஏறி வாங்கோ!" எண்டு கூப்பிட்டவவாம். இவருக்கு உயரம் எண்டால் பயம்.

"ரெண்டு தரம் கூப்பிட்டவ, பிள்ளை. நான் போகேல்லை. சித்திரைக்கு ஒரு ரிக்கெற் போடு."

2

அண்டையில இருந்து மனுசன் தன்ர பில்டிங்கில எலிவேற்றர் எடுக்கிறேல்லை. தொண்ணூற்றொரு படி வாற இடத்தில சுவரில பென்சிலால கோடு போட்டு, ஒவ்வொரு நாளும் அதுவரைக்கும் ஏறினார். கிழமைக்கு ஒருக்கா எனக்குப் போன் எடுத்துச் சொல்லுவார்.

பயணத்துக்குப் பத்து நாள் இருக்க, அந்தக் கோயிலுக்குப் போயிட்டு வந்த ஒரு கஸ்டமர் மிசிசாகாவில இருந்து போன் எடுத்து ஏசினார். "என்னம்மா, ஏறலாமெண்டு சொன்னீங்கள்? கயிறெல்லே கட்டி வைச்சிருக்கிறாங்கள்! ஏற விட்டு எத்தினையோ வருசமாம்!"

உடன அங்கிளுக்குச் சொல்லியிருக்கோணும். போனை எடுத்தனான், திரும்ப வைச்சிட்டன். பின்னேரம் அவரே எடுத்தார்.

"பிள்ளை, இண்டைக்கு நிக்காமல் ஏறிட்டன்!"

"கெட்டிக்காரன் அங்கிள்" எண்டன். வெக்கங்கெட்ட வேலை.

3

திரும்பி வந்த அடுத்த நாள் ஒஃபிஸுக்கு வந்தார். முகம் வெயிலில கறுத்திருந்துது. ஏச்சு விழப்போகுது எண்டு எழும்பி நிண்டன்.

"அங்கிள், மன்னிச்சுக்கொள்ளுங்கோ. ஏறேலாதெண்டு எனக்கு..."

"தெரியும் பிள்ளை. போக முதலே பேத்தி இன்ரநெற்றில காட்டினவள்."

"பிறகேன் போனனீங்கள்? பில்டிங்கில உவ்வளவு படியும் ஏன் ஏறினனீங்கள்?"

"அண்டைக்குக் கூப்பிடேக்க போகேல்லை. இப்ப ஏற விடாட்டிலும், நான் ஏற வெளிக்கிட்டு வந்தனான் எண்டு அவவுக்குத் தெரியோணுமெல்லே."

கயிற்றடியில நிண்டு, அண்டைக்கு அன்ரி தட்டின மாதிரிக் கையைத் தட்டினாராம். மேல இருந்து சத்தம் திரும்பி வந்துதாம்.

"அந்தக் கட்டடம் அப்பிடித்தானாம், ஆர் தட்டினாலும் எதிரொலி வருமாம். கைட் சொன்னவன். ஆருக்கு வந்தாலென்ன பிள்ளை? நான் தட்டினன், மேல இருந்து வந்துது."

எனக்குக் கண் நிறைஞ்சிட்டுது. கதவடியில அவர் ஒருக்காத் திரும்பினார்.

"நீ போன் எடுத்துச் சொல்லுவாய் எண்டு கடைசி நாள்வரைக்கும் பாத்துக்கொண்டிருந்தனான். நீ அங்க போனதேயில்லை, என்ன?"

"இல்லை அங்கிள்."

"ஒருக்காப் போ, பிள்ளை."

அவர் ஏசியிருந்தால் எண்டைக்கோ மறந்திருப்பன். அதுக்குப் பிறகு ஆர் எந்த இடத்தைக் கேட்டாலும், "விசாரிச்சுச் சொல்லுறன்" எண்டுதான் சொன்னனான். தெரியாததைத் தெரியாதெண்டு சொல்லுங்கோ, பிழையாச் சொன்னதை அண்டைக்கே திருத்துங்கோ. நான் படிச்சது அவ்வளவுதான்.

இப்ப றிட்டையர் ஆகிட்டன். அந்தப் போஸ்ரர் என்ர வீட்டுச் சுவரில இருக்கு. வாற ஆக்கள் "அன்ரி, இஞ்ச போனனீங்களோ?" எண்டு கேப்பினம். இல்லை எண்டு சொல்லேக்க நெஞ்சுக்குள்ள நோகும். பொய் சொன்ன காலத்தில நோகேல்லை.