பின்னறை யாருக்கு

பத்து வயதில் நான் ஒருவருக்குத் தங்க இடம் இல்லாமல் செய்தேன். அடிதடி எதுவும் இல்லை, ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னேன். அதையும் மரியாதையாகக் கேட்டுக்கொண்டார்கள் என்பதுதான் இதில் உள்ள கஷ்டம்.

நாங்கள் ஆர்.கே.புரத்தில் அரசுக் குவார்ட்டர்ஸில் இருந்தோம். ஞாயிற்றுக்கிழமை காலையில் அப்பாவும் அம்மாவும் மலை மந்திருக்குப் போவார்கள். கோயிலில் கால் வலிக்கிறது என்று நான் ஆரம்பித்துவிடுவேன் என்பதால் முதலில் என்னை முனிர்காவில் சித்தி வீட்டில் விட்டுவிடுவார்கள். சித்தப்பா திருநெல்வேலிப் பக்கத்துக் கிறிஸ்தவர். தில்லிக்கு வந்த பிறகு குவேக்கர்களோடு சேர்ந்து, சித்தியையும் சேர்த்துக்கொண்டவர். குவேக்கர் வழிபாட்டில் பாதிரியார் கிடையாது, பாட்டு கிடையாது. வட்டமாக உட்கார்ந்து ஒரு மணி நேரம் பேசாமல் இருப்பார்கள். யாருக்காவது உள்ளிருந்து ஏதாவது சொல்லத் தோன்றினால் எழுந்து சொல்வார்கள். தோன்றாவிட்டால் அதுவும் சரி. சண்டை கூடாது, சத்தியம் செய்யக் கூடாது, பொய் கூடவே கூடாது. பேசாமலிருப்பதற்கு எதற்கு ஒரு கூட்டம் என்று அப்பா கேட்பார்.

அவர்கள் எட்டுப் பேர். சித்தியின் ஒற்றை அறை வீட்டுக்கு மேல் மாடியில் எல்லோரும் சேர்ந்து இரண்டு அறைகளை வாடகைக்கு எடுத்திருந்தார்கள். முன்னறையில் மௌனம். பின்னறை என்னுடையது, அதாவது நான் அப்படித்தான் நினைத்திருந்தேன். சித்தப்பா அதன் ஒரு சுவருக்குக் கறுப்புப் பெயின்ட் அடித்துக் கொடுத்திருந்தார். அங்கே நான் டீச்சர், பழைய தலையணைகள் மாணவர்கள். என்னிடம் அடி வாங்காத தலையணை கிடையாது.

அந்த வருடம் நகரத்தில் ஒரு கடைவீதியில் குண்டு வெடித்தது. அடுத்த ஞாயிறு சித்தப்பா ஒரு காஷ்மீரி மாணவரை அழைத்து வந்தார். வெள்ளிக்கிழமைக்குள் அறையைக் காலி செய்யும்படி வீட்டுக்காரர் அவரிடம் சொல்லிவிட்டாராம். வேறு எங்கே கேட்டாலும், சொந்த ஊர் எது என்று தெரிந்ததும் கதவைச் சாத்தினார்கள். தேர்வுக்கு இரண்டே மாதம் இருந்தது. அவருக்குப் பின்னறையைக் கொடுக்கலாமா என்பதுதான் கேள்வி.

குவேக்கர்கள் எதற்கும் ஓட்டெடுப்பதில்லை. எல்லார் மனமும் ஒன்றாகும்வரை காத்திருப்பார்கள். ஒருவருக்கு ஒப்பவில்லை என்றாலும் காரியம் நின்றுவிடும். மாணவரைக் கீழே சித்தி வீட்டில் உட்காரவைத்துவிட்டு எல்லோரும் கூடினார்கள். முடிவுகளை எழுதும் பஞ்சாபி ஆன்ட்டி ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டு வந்தார். எல்லோரும் தலையசைத்தார்கள். கடைசியில், ஓரமாக உட்கார்ந்திருந்த என்னிடமும் கேட்டார்.

"ஔர் தும், பேட்டி?"

"நஹீ" என்றேன்.

திட்டு விழும் என்று காத்திருந்தேன். வேறு எந்த வீடாக இருந்தாலும் விழுந்திருக்கும். இவர்களோ மறுபடி கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்கள். சித்தப்பா மட்டும் மெதுவாக, "ஏன்னு சொல்லணும்னு தோணுதா பிள்ள?" என்று கேட்டார். தோன்றவில்லை என்றேன். சின்னப் பெண்தானே என்று என்னைத் தள்ளிவிட அவர்களுக்கு மனம் வரவில்லை. அடுத்த வாரம் பார்க்கலாம் என்று ஆன்ட்டி எழுதிக்கொண்டார். சித்தப்பா கீழே போய் விஷயத்தைச் சொன்னார். மாணவர் "கோயி பாத் நஹீ", பரவாயில்லை, என்றார். பக்கத்தில் நின்ற எனக்குத் தன் தட்டிலிருந்து ஒரு பிஸ்கட் கொடுத்தார். வாங்கித் தின்றேன்.

அன்று மாலை சித்தப்பா எங்கள் வீட்டுக்கு வந்து, ஒரு வாரம் மட்டும் அவரை வைத்துக்கொள்ள முடியுமா என்று அப்பாவிடம் கேட்டார்.

"சர்க்கார் குவார்ட்டர்ஸ், சகலை. நாளைக்குப் போலீஸ் வந்து நின்னா யார் பதில் சொல்றது?" என்றார் அப்பா.

சித்தப்பா போன பிறகு, எட்டுப் பெரியவர்கள் ஒரு பொடிசின் பேச்சுக்குக் கட்டுப்பட்டதைச் சொல்லிச் சொல்லி அப்பா சிரித்தார். அப்பாவின் மறுப்புக்குக் கூட்டமோ மௌனமோ தேவைப்படவில்லை.

வாரம் முழுக்க எனக்குப் பெருமை தாங்கவில்லை. பெருமை முற்றியதும் தாராள மனசும் வந்துவிட்டது. அடுத்த ஞாயிறு மௌனத்தின் நடுவில், பெரியவர்களைப் போலவே எழுந்து நின்று, அவர் வரட்டும் என்று ஹிந்தியில் சொன்னேன். ஆன்ட்டி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். சந்தோஷத்தில் அழுகிறார் என்று எடுத்துக்கொண்டேன்.

நேராகப் பின்னறைக்குப் போய்க் கறுப்புச் சுவரைத் துடைத்து, தலையணைகளை ஒரு மூலையில் அடுக்கினேன். சித்தி வந்து கதவோரம் நின்றாள்.

"சித்தி, அவர் எப்ப வருவார்?"

சித்தி பொய் சொல்ல மாட்டாள். "அவர் வெள்ளிக்கிழமையே ஊருக்கு ரயிலேறிட்டார்டி. படிப்பு போதும்னுட்டார்."

அவர்கள் எல்லார்மேலும் எனக்கு இன்று கோபம் உண்டு. ஒருவராவது என்னை ஓர் அதட்டு அதட்டியிருக்கலாம். சண்டையே கூடாது என்றவர்கள் ஒரு குழந்தையோடு சண்டை போடப் பயந்தார்களா, அல்லது உண்மையிலேயே என்னை ஓர் ஆளாக மதித்தார்களா என்பது இன்னும் பிடிபடவில்லை.

ஆனால் அன்று எனக்கு வந்தது சந்தோஷம்தான். நல்ல பெண் என்ற பெயரும் கிடைத்தது, அறையும் கையை விட்டுப் போகவில்லை. "அச்சா" என்று சொல்லிவிட்டுத் தலையணைகளை மறுபடி வரிசையாக உட்காரவைத்தேன். முன்னறையில் நேரம் முடிந்தும் யாரும் எழுந்திருக்கவில்லை. டீ ஆறிப்போகிறதே, இவர்கள் இன்னும் என்ன செய்கிறார்கள் என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது.